பதினொரு புளியங்கொட்டை

தர்மபுரி மாவட்டத்தில் மூடநம்பிக்கை ஒழிந்தது 1974-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினாறாம் தேதி சனிக்கிழமை, பகல் சாப்பாட்டு வேளையில். ஒழித்தவன் நான். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரலாறு எழுத வருகிறவர்கள் தேதி தெரியாமல் அலையக் கூடாது பாருங்கள், அதற்காகச் சொல்கிறேன்.

அன்றைக்குத்தான் எங்கள் கல்லூரி விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் ‘கொடுக்கு’ கையெழுத்துப் பத்திரிகையின் மூன்றாம் இதழ் தொங்கவிடப்பட்டது. ஒரே பிரதி. சணல் கயிற்றில் கோத்து ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தோம். அதில் நான்கு பக்கத்துக்கு என் கட்டுரை, ‘புளியங்கொட்டை மருத்துவம்’. பையன்கள் சாம்பார் கையோடு புரட்டிப் புரட்டிப் படித்தார்கள். சாயங்காலத்துக்குள் பக்கமெல்லாம் மஞ்சள் விரல் ரேகை. பகுத்தறிவு பரவியதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கட்டுரையின் நாயகி நர்சம்மா அக்தர் பேகம். தர்மபுரிக்காரர். பொம்மிடியில் தங்கி, சுற்று ஊர்களுக்கெல்லாம் நடந்தே வருவார். பொம்மிடி ஸ்டேஷனிலிருந்து எங்கள் ஊர் இரண்டு மைல். ஒரு தோல்பை, ஒரு கறுப்புக் குடை. வந்ததும் கர்ப்பிணியின் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, சின்ன ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் காய்ச்சுவார். சாராயத்தைத் தவிர வேறெதையும் அத்தனை அக்கறையாகக் காய்ச்சி எங்கள் ஊர் பார்த்ததில்லை. கட்டுரையில் அதை ஒரு சமையல் குறிப்பாகவே எழுதியிருந்தேன். ‘பொங்கி வரும்போது இறக்கவும்’ என்ற வரிக்கு விடுதியே சிரித்தது.

காய்ச்சியது யாருடையது என்பதை மட்டும் எழுதவில்லை. என் அக்கா இசபெல்லாவுடையது.

அக்காவுக்கு அது மூன்றாவது. முதல் பிள்ளை ஒன்பதாம் மாதம் செத்துப் பிறந்தது. இரண்டாவது எட்டாம் மாதம். இரண்டு தடவையும் ஊர் கூடிக் காரணம் கண்டுபிடித்தது. கிரகணத்தில் வெளியே வந்தாள். பூசணிக்காய் வெட்டினாள். கல்லறைப் பக்கம் தலையை விரித்துப் போட்டு நடந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து தின்றாள். ஒரு பெண் எத்தனை விதமாகப் பிள்ளையைக் கொல்லலாம் என்பதில் எங்கள் ஊருக்கு இருந்த ஞானம் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது. பட்டியலில் ஓர் ஆம்பளையின் பெயர்கூட இல்லை.

பட்டியலுக்குத் தலைமை அத்தை லூர்தம்மாள். அப்பாவோடு கூடப் பிறந்தவள், அக்காவுக்கு மாமியார். அவள் மகன் சின்னப்பராஜைத்தான் அக்கா கட்டியிருந்தாள். எங்களுக்கு அம்மா இல்லை. அதனால் இந்தத் தடவை அக்காவைப் பேறுகாலத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, பார்த்துக்கொள்ள அத்தையே கூட வந்தாள். வந்த அன்றே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

“இந்த வாட்டியும் வெறுங்கைதான்னா நீ உங்கப்பன் வூட்டுலயே இருந்துக்க. எம்மவன் வூட்டுப் படி மிதிக்க வேணாம்.”

உப்பு வாங்கிவரச் சொன்னால் எப்படி ஆட்டுவாளோ அப்படித் தலையை ஆட்டினாள் அக்கா.

அப்பா யாகப்பன் கோயில் உபதேசியார். பங்குச் சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் கடவுளுக்குப் பதிலாகப் பேசுவது அப்பாதான். செத்துப் பிறந்ததற்கு ஞானஸ்நானம் கிடையாது, ஞானஸ்நானம் இல்லாததற்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. சொந்தப் பேரப்பிள்ளைக்கும் அதே சட்டம்தான் என்று இரண்டையும் சுற்றுச்சுவருக்கு வெளியே, எருக்கஞ்செடிப் பக்கமாகப் புதைக்கச் சொன்னவர் அவர். பாரபட்சம் பார்க்காத மனுஷன் என்று பெயர் வாங்கினார். முதல் பிள்ளையை மூன்றாம் நாள் நாய் கிளறிவிட்டது. அதற்கும் ஊர் காரணம் கண்டுபிடித்தது, ஆழம் போதாதென்று. அவர்கள் கண்டுபிடித்ததில் அது ஒன்றுதான் சரி.

நர்சம்மா முதன்முதலில் வந்தது பொங்கல் விடுமுறையில். நானும் வீட்டில் இருந்தேன். அவர் நோட்டை விரித்துக் கேட்டார்.

“இதுக்கு முன்னால எத்தனைம்மா?”

“ரெண்டுங்க.”

“இருக்கறது எத்தனை?”

அக்கா வாயைத் திறக்கும் முன் அத்தை திறந்தாள். “ரெண்டையும் முழுங்கிட்டு உக்காந்திருக்கா.”

நர்சம்மா அத்தை பக்கம் திரும்பவே இல்லை. “ரெண்டு வயித்துலயே போயிருக்குன்னா மூணாவதை மத்தவங்களை விட ரெண்டு மடங்கு கவனிக்கோணும். கால் வீங்குதா? தலை வலிக்குதா? கண்ணுல பூச்சி பறக்குதா?” அக்காவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். “ரத்தமே இல்லையே. சொந்தத்துலயா கட்டினீங்க?”

அப்பா தொண்டையைக் கனைத்தார். “ஆயர்கிட்ட விலக்கு வாங்கித்தாங்க கட்டினோம். மூணு வாரம் கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சாச்சு. ரத்த உறவு விக்கினம் தீந்துபோச்சு.”

“உங்க ஆயருக்குத் தீந்துதுங்க. ரத்தத்துக்கு யார் போய்ச் சொல்றது?”

அப்பாவின் முகம் கறுத்துப்போனது. எனக்கு அந்த வசனம் ரொம்பப் பிடித்தது. கட்டுரையில் என் சொந்தச் சரக்காகப் போட்டுக்கொண்டேன்.

நன்றாகச் சாப்பிடச் சொன்னார் நர்சம்மா. தாய் தின்றால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்பது அத்தையின் வைத்தியம். மற்றவர்களுக்கு இரண்டு உருண்டை களி என்றால் அக்காவுக்கு ஒன்று. நர்சம்மா கொடுத்த சிவப்புச் சத்து மாத்திரையைத் தவிட்டோடு கலந்து தொட்டியில் போட்டாள். எங்கள் எருமை அந்த வருஷம் நல்ல சத்தாக இருந்தது.

மார்ச் முதல் வாரம், அழுக்குத் துணி மூட்டையோடு நான் ஊருக்கு வந்திருந்த அன்று, நர்சம்மா மறுபடி வந்தார். அக்காவின் கால் அப்போது பூசினாற்போல வீங்கியிருந்தது. குழாயில் காய்ச்சியது முட்டை வெள்ளைக்கருபோல வெளுத்துக் கெட்டியானது. கையில் பட்டை கட்டி ரத்தக் கொதிப்பு பார்த்தார். நர்சம்மாவின் குரல் மாறிவிட்டது.

“இன்னிக்கே சேலம் பெரியாஸ்பத்திரியில சேத்திருங்க.”

“சேத்தா கத்தி வெச்சிருவானுங்க,” என்றாள் அத்தை.

“பாஸ்கா திருநாள் முடியட்டுங்க. தவக்காலத்துல கோயிலை விட்டுட்டு நான் எப்படி அலையறது?” என்றார் அப்பா.

கட்டியவன் சின்னப்பராஜ் கதவோரமாக நின்று தன் கால் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

தாழ்வாரத்தில் தட்டிப் போட்ட புளியும் கொட்டையும் குவிந்து கிடந்தன. நர்சம்மா குனிந்து ஒரு பிடி கொட்டையை அள்ளி அக்காவின் மடியில் போட்டார்.

“இங்க பாரும்மா. விடிஞ்சதிலிருந்து பொழுது சாயறதுக்குள்ள, பிள்ளை ஒவ்வொரு வாட்டி புரளும்போதும் ஒரு கொட்டையை டப்பாவுல போடு. பத்து விழுந்துதா, சரி. விழலையா, பாஸ்காவாவது ஒண்ணாவது, நேரா ரயிலேறு. அசைவு குறையறதுதான் பிள்ளை உள்ளிருந்து குடுக்கற தந்தி. வேற தந்தி அதுக்குக் குடுக்கத் தெரியாது.”

ஒரு பகுத்தறிவாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கிளி எடுத்துப் போடும் சீட்டுக்கும் நர்சு எடுத்துப் போடும் கொட்டைக்கும் என்ன வித்தியாசம் என்று கட்டுரையைத் தொடங்கினேன். கிரகணம், பூசணிக்காய், புளியங்கொட்டை எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினேன். மீதி வரலாறு உங்களுக்குத் தெரியும்.

ஏப்ரலில் பரீட்சை முடிந்து ஊருக்கு வந்தேன். பெரிய வெள்ளி வந்தது. அன்று எங்கள் ஊரில் யாரும் வண்டி கட்ட மாட்டார்கள், பயணம் போக மாட்டார்கள், சிரிக்க மாட்டார்கள். ஒருவேளைக் கஞ்சிதான். கர்ப்பிணிக்கு ஒருசந்தி நோன்பு வேண்டாம் என்று திருச்சபையே விலக்குக் கொடுத்திருக்கிறது. அத்தை திருச்சபைக்கும் மேலே.

“ஆண்டவரே சிலுவையில தொங்கறாரு, உனக்குக் கஞ்சி கேக்குதா?” என்றாள் அக்காவிடம்.

மத்தியானம் அக்கா நெற்றியில் ஈரத்துணியோடு பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். கண் அசந்திருந்தது. ஜன்னல் விளிம்பில் அவளுடைய பிஸ்கட் டப்பா. எட்டிப் பார்த்தேன். இரண்டு கொட்டை. எனக்குப் பசி. பசித்தவனுக்குக் குறும்பு நன்றாக வேலை செய்யும். தாழ்வாரத்திலிருந்து ஒன்பது கொட்டை எடுத்துவந்து சத்தமில்லாமல் டப்பாவில் விட்டேன். என்னுடையது எது, பிள்ளையுடையது எது என்று நர்சால் கண்டுபிடிக்க முடியாது; அதைச் சாயங்காலம் அவர் வரும்போது எல்லார் முன்னாலும் போட்டு உடைப்பது; ‘கொடுக்கு’ நான்காம் இதழில் இரண்டாம் பாகம். இதற்கு ஆராய்ச்சி என்று பெயர்.

மூன்று மணி வாக்கில் அக்கா எழுந்து டப்பாவைக் கையில் கவிழ்த்து எண்ணினாள். திரும்ப எண்ணினாள்.

“சவுரி, பதினொண்ணுடா. ரெண்டுதான் போட்டேன்னு நெனச்சுப் பயந்துட்டே படுத்தேன். தூக்கக் கலக்கத்துல போட்டிருக்கேன் போல.”

ஒரு மாதமாக அவள் முகத்தில் பார்க்காத ஒரு தெளிவு. என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நாலு மணிக்கு நர்சம்மா வந்தார். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பி நின்றார். சின்னப்பராஜும் வழிபாட்டுக்காக வந்து கதவோரம் நின்றான்.

“இன்னிக்கு என்னங்க, எங்க துக்க நாள்ல?” என்றார் அப்பா.

“எனக்கும் வெள்ளிக்கிழமைதாங்க. வயித்துப் பிள்ளைக்குக் கிழமை தெரியாதே,” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து டப்பாவைப் பார்த்தார். எண்ணினார். “தலைவலி இருக்கா?”

அத்தை அக்காவின் பின்னால் வந்து நின்றாள். “இல்லீங்க,” என்றாள் அக்கா.

நர்சம்மா அவள் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். பிசைந்த மாவில் விழுந்ததுபோல அந்தக் குழி அப்படியே நின்றது. அதையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். “பதினொண்ணு விழுந்திருக்கே... சரி. ஞாயித்துக்கிழமை உங்க திருநாள் முடிஞ்சதும், திங்கக்கிழமை மொத வண்டியில கூட்டிட்டுப் போயிருங்க. அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்.” பையை மூடினார்.

என் நேரம் வந்துவிட்டது. நாடகத்தில் வருவதுபோல ஓரடி முன்னால் வந்தேன்.

“ஒரு நிமிஷங்க நர்சம்மா. அந்தப் பதினொண்ணுல ஒம்பது நான் போட்டதுங்க.”

சிரிப்புக்காகக் காத்திருந்தேன். விடுதியாக இருந்தால் கூரை பிய்த்துக்கொண்டு போயிருக்கும்.

நர்சம்மாவின் கை பையின் மேலேயே நின்றது. “அப்ப அவ போட்டது?”

“ரெண்டுங்க.”

“விடிஞ்சதிலிருந்தா?”

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. இருட்டில் தீப்பெட்டி தேடுகிறவளைப்போல அவள் கை வயிற்றின்மேல் அங்கே அழுத்தியது, இங்கே அழுத்தியது.

“மத்தியானத்திலிருந்து ஒண்ணும் தெரியலீங்க,” என்றாள். பிறகு மடை உடைந்ததுபோல, “தலை வலிக்குதுங்க. மூணு நாளா வலிக்குது. கண்ணு மங்குது. சொல்லக் கூடாதுன்னாங்க.”

“ஏய்!” என்றாள் அத்தை.

நர்சம்மா பையிலிருந்து பிள்ளையின் துடிப்பு கேட்கும் குழலை எடுத்து அக்காவின் வயிற்றில் வைத்துக் காதைப் பொருத்தினார். இடம் மாற்றினார். மறுபடி மாற்றினார். அத்தனை நேரம் ஒருவர் மூச்சை அடக்கி நான் பார்த்ததில்லை.

“இருக்கு. தளர்ந்திருக்கு. சேலம் வண்டி எத்தனை மணிக்கு?”

“அஞ்சேகாலுக்குங்க,” என்றேன்.

“பெரிய வெள்ளியன்னிக்கு வூட்டை வுட்டுப் பொண்ணு கெளம்பறதா? ஆகாது!” என்றாள் அத்தை.

“கோயில்ல சிலுவை முத்தி முடிஞ்சிரட்டுங்க. ஒரு மணி நேரந்தானே,” என்றார் அப்பா. ஒரு மணி நேரம். சுவருக்கு வெளியே மூன்றாவது குழிக்கான இடத்தை அவர் மனதுக்குள் பார்த்துவைத்திருப்பார் என்று தோன்றியது. இந்த வீடு, இந்தப் பக்தி, கழுவாத கஞ்சிச் சட்டி நாற்றம், எல்லாவற்றின் மேலும் காறித் துப்பலாம்போல இருந்தது. துப்புவதற்கு முன் ஞாபகம் வந்தது. அவர்கள் கேட்டது ஒரு மணி நேரம். நான் மூன்று நாள் கொடுத்திருந்தேன், திங்கட்கிழமை வரைக்கும்.

கதவோரத்தில் ஓர் அசைவு. “மாதுகிட்ட வண்டி கேக்கறேன்,” என்றான் சின்னப்பராஜ். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவன் முழுசாகப் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம்.

“டேய் ராஜு! நில்லுடா!”

அவன் நிற்கவில்லை. பக்கத்துத் தெரு மாதுவுக்குப் பெரிய வெள்ளி கிடையாது. வண்டி வந்தது.

ரயிலில் மரப்பலகை இருக்கையில் அக்காவை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தார் நர்சம்மா. அவள் தலை சின்னப்பராஜின் மடியில். எதிரில் நான். நர்சம்மா என் உள்ளங்கையைப் பிடித்து விரித்துப் பத்துக் கொட்டையைக் கொட்டினார்.

“நீதான் கணக்குல கெட்டிக்காரனாச்சே. அவ ‘ம்’னா ஒண்ணை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாத்து. அதுக்கு முன்னால மாத்தினே, கையை ஒடிச்சிருவேன்.”

லோக்கூர் வந்தது. பத்தும் இடது கையிலேயே இருந்தன. வேர்க்கடலை விற்கிறவன் வந்தான், என் கையில் கொட்டையைப் பார்த்து, “பல்லாங்குழியா தம்பி?” என்று கேட்டுவிட்டுப் போனான். மலை ஓரமாக வண்டி ஊர்ந்தது. கடவுளை நம்புகிறவனுக்குக் கெஞ்ச ஓர் ஆள் இருக்கிறது. நான் கொட்டையிடம் கெஞ்சினேன். வியர்வையில் அவை வழுக்கின. டேனிஷ்பேட்டை தாண்டியபோது அக்கா கண்ணைத் திறக்காமல், “ம்,” என்றாள்.

ஒன்றை மாற்றினேன்.

கருப்பூரில் இன்னொன்று. சேலம் ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது மூன்றாவது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார், “அசைவு இன்னிக்கு எத்தனை?”

“காலையில ரெண்டு, ரயில்ல மூணுங்க. ஒம்பது பொய்.”

அவர் புரியாமல் நர்சம்மாவைப் பார்த்தார். “அஞ்சுன்னு எழுதிக்குங்க மேடம்,” என்றார் நர்சம்மா.

அன்றைக்கே வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். பெண். மூன்றேகால் பவுண்டு. தோல் சுருங்கி, உரித்த அணில்போல இருந்தது. ஆனால் கத்தியது. ரத்தக் கொதிப்பில் நஞ்சுக்கொடி பாதி காய்ந்துபோயிருந்ததாம். தாய்க்கும் தீனி இல்லை, வந்த கொஞ்சமும் பிள்ளைக்குப் போகவில்லை. உள்ளேயே பட்டினி. “இன்னும் அரை நாள் விட்டிருந்தா முடிஞ்சிருக்கும். முன்னாடி ரெண்டும் இதனாலயே போயிருக்கலாம். அப்ப யாரும் பாக்கலையா?” என்று கேட்டார் டாக்டரம்மா. கிரகணம் என்று சொல்ல அப்போது அங்கே அத்தை இல்லை.

மறுநாள் அப்பா வந்தார். பேத்தியைப் பார்த்ததும் முதல் வேலையாகத் தண்ணீர் டம்ளரோடு கட்டிலுக்கு ஓடினார், ஞானஸ்நானம் கொடுக்க. சுவருக்கு உள்ளே ஓர் இடம் பிடித்துப் போட்டுவிட வேண்டுமல்லவா.

“மொதல்ல பால் குடிக்கட்டும்ப்பா,” என்றாள் அக்கா. அந்தக் குரலில் அவள் அவரிடம் பேசியதே இல்லை. அவர் டம்ளரை வைத்துக்கொண்டு நின்றார். தண்ணீரைக் கடைசியில் அவரே குடித்தார்.

பாஸ்கா ஞாயிறன்று அத்தை வந்தாள். துணியை விலக்கிப் பார்த்தாள். “பொட்டையா? இதுக்கா இத்தனை கூத்து?” என்றாள். அடுத்த கட்டில்காரியிடம் திரும்பி அதே மூச்சில், “எம்மருமவ ஒருசந்தி தவறாம இருந்தா. ஆண்டவர் கண்ணைத் தொறந்துட்டாரு,” என்றாள். நான் வராந்தாவுக்குப் போய் நிஜமாகவே வாந்தி எடுத்தேன். ஆஸ்பத்திரி இட்லி என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அக்கா என்னைத் திட்டவில்லை. நாலாம் நாள், பிள்ளைக்குச் சங்கில் பால் புகட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

“மத்தியானம் அந்த ஒரு மணி நேரம் நான் எவ்ளோ சந்தோஷமா இருந்தேன் தெரியுமாடா.”

அவ்வளவுதான். கன்னத்தில் அறைந்திருந்தால் இந்நேரம் ஆறிப்போயிருக்கும்.

ஜூனில் கல்லூரி திறந்தது. “என்னப்பா, இரண்டாம் பாகம் எங்கே?” என்று பையன்கள் நச்சரித்தார்கள். பேனா ஒழுகுகிறது என்றேன். ஒருநாள் சாப்பாட்டுக் கூடத்தில் யாரும் இல்லாதபோது ஜன்னல் கம்பியிலிருந்து மூன்றாம் இதழை அவிழ்த்து எடுத்து, அழுக்குத் துணி மூட்டைக்குள் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தேன்.

அந்தச் சனிக்கிழமை நர்சம்மா வந்தார். மாதுவின் பெண்டாட்டி ராமக்காளுக்கு ஏழாம் மாதம். அடுத்த தெருவிலும் இரண்டு பேர். நான் தாழ்வாரத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பூச்சி விழுந்ததையும் சொத்தையையும் தள்ளிவிட்டு, நல்லதாகப் பொறுக்கி, கழுவிக் காயவைத்த கொட்டையைப் பத்துப் பத்தாகப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் ஒரு பொட்டலத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “கையெழுத்து முத்து முத்தா இருக்கே. யாருது?”

“தெரியலீங்க. விடுதியில கெடந்த பழைய பேப்பர்.”

“பத்து சரியா இருக்கா?”

“இருக்குங்க. ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை எண்ணிட்டேன்.”

மூன்று பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு, குடையை விரித்து, மாது வீட்டுப் பக்கம் நடந்தார். அவர் தலை மறைந்ததும், மீதி இருந்த பொட்டலங்களைப் பிரித்து மூன்றாம் தடவை எண்ண ஆரம்பித்தேன்.